நேரம் விட்டுப்போன மே தினம்

1. நாலே முக்காலுக்கு ஒரு ஆள் இல்லை

அன்று மே மாதம் இரண்டாம் தேதி, திங்கட்கிழமை. காலை நாலே முக்காலுக்கு ஸ்டாப்பில் ஜீப்பை நிறுத்தினேன். ஒரு ஆள்கூட இல்லை.

இதைப் படிக்கிற இளைய டிரைவர்களுக்கு அந்தப் பயம் சொல்லாமலே புரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கம்பத்திலிருந்து கேரளத்து ஏலத்தோட்டங்களுக்கு இருபத்தொன்பது வருஷம் ஆள் ஏற்றியவன் நான். விடிவதற்கு முன்னால் பெண்களை ஏற்றிக்கொண்டு கம்பம் மெட்டு மலைரோட்டில் ஏற வேண்டும். செக்போஸ்ட் தாண்டி, தார் ரோடு முடிந்து, மண் ரோட்டில் நாலு சக்கரமும் இழுக்கிற போர் வீல் கியர் போட்டு ஊர்ந்து, ஏழு மணிக்குள் தோட்டத்தில் இறக்க வேண்டும். நாலு மணிக்கு வேலை முடியும். திரும்ப ஏற்றிக்கொண்டு வந்து ஆறு மணிக்கு ஊரில் விட வேண்டும். இதுதான் ட்ரிப். என் வண்டியில் பதினான்கு பெண்கள். ஆர்.சி. புத்தகத்தில் எத்தனை பேர் என்று போட்டிருக்கிறது என்பதை நான் இங்கே எழுதப் போவதில்லை.

பதினான்கில் ஒருத்தி வராவிட்டால் காய்ச்சல். இரண்டு பேர் வராவிட்டால் ஏதாவது விசேஷ வீடு. பதினான்கு பேரும் வராவிட்டால் இரண்டில் ஒன்றுதான். ஊரில் பெரிய சாவு விழுந்திருக்க வேண்டும், இல்லையென்றால் வேறொரு ஜீப்காரன் ஆளைக் கலைத்துக்கொண்டு போயிருக்க வேண்டும். சாவு என்றால் கொட்டுச் சத்தம் கேட்கும். கேட்கவில்லை. ஆகவே எவனோ கலைத்துவிட்டான் என்று முடிவு செய்து, யார் யாரெல்லாம் அப்படிச் செய்யக்கூடியவர்கள் என்று மனதுக்குள் ஒவ்வொருவராகத் திட்டிக்கொண்டே ஈஸ்வரிக்குப் போன் அடித்தேன். ரிங் போனது. எடுக்கவில்லை.

ஈஸ்வரிதான் அந்தப் பதினான்கு பேருக்கும் தலை மாதிரி. நாளைக்கு எத்தனை பேர் வருவார்கள், யாருக்கு உடம்புக்கு முடியவில்லை, யார் யாரோடு பேசவில்லை, எல்லாம் அவளுக்குத்தான் தெரியும். வண்டியை அங்கேயே விட்டுவிட்டு சந்துக்குள் நடந்து அவள் வீட்டுக் கதவைத் தட்டினேன். கொஞ்ச நேரம் கழித்துத் தூக்கக் கலக்கத்தோடு வந்து திறந்தாள்.

"என்னண்ணே இந்நேரத்துல? யாருக்கும் ஒண்ணும் ஆகலையே?"

"என்னாத்தா இப்படிக் கேக்குற? மணி அஞ்சாகப் போகுது. ஒருத்தியவும் அங்கன காணோம். தோட்டத்துக்கு வரலையா?"

"வர்றோம்ணே. எட்டு மணிக்குத்தான?"

"எட்டு மணிக்கா? யாரு சொன்னா?"

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். ராத்திரி நான் தண்ணி போட்டிருப்பேனோ என்று சந்தேகப்பட்டிருப்பாள்.

"நீங்கதானண்ணே நேத்து மைக்குல சொன்னீக!"

2. நான் மைக் பிடித்த கதை

அது கொரோனா அடங்கிய வருஷம். பள்ளிக்கூடங்கள் தாமதமாகத் திறந்ததால் மே மாதத்திலும் வகுப்பு நடந்தது. மே தினம் ஞாயிற்றுக்கிழமையில் வந்து விழுந்தது. கிடைத்திருக்க வேண்டிய ஒரு லீவு இப்படி வீணாய்ப் போனதே என்று எல்லோருக்கும் ஆற்றாமை.

எங்கள் ஜீப் ஸ்டாண்டில் ஒவ்வொரு மே தினத்துக்கும் கொடி ஏற்றுவோம். கேசரி கொடுப்போம். யாராவது பேசுவார்கள். பேச்சு முடியும் வரை கேசரி கிடையாது என்பது எங்கள் செயலாளர் கருப்பையா போட்ட சட்டம். அதனால் கூட்டம் கலையாது. அந்த வருஷம் நான் என் வண்டிப் பெண்களையும் வரச் சொல்லியிருந்தேன். தொழிலாளர் தினம் என்று சொல்லிக்கொண்டு, வண்டி வைத்திருக்கிற நாங்கள் மட்டும் கேசரி தின்பது எனக்கே ஒரு மாதிரி இருந்தது.

தேனியிலிருந்து வர வேண்டிய பேச்சாளர் சின்னமனூரில் வேறொரு கூட்டத்தில் மாட்டிக்கொண்டார். கருப்பையா சுற்றிலும் பார்த்தார். அவருக்குத் தொண்டை கட்டியிருந்தது.

"ஏலே பாண்டி, நீதான் ஸ்டாண்டுல நாள் பூராப் பேசுற. இந்தா, இதப் பாத்து வாசிச்சு விடு" என்று ஒரு நோட்டீஸைக் கையில் திணித்தார்.

நான் எட்டாம் வகுப்பு பெயில். ஆனால் பேப்பர் விடாமல் படிப்பவன். அதுவரை மே தினம் என்றால் எனக்கு ட்ரிப் இல்லாத நாள், அவ்வளவுதான். அது எங்கிருந்து வந்தது என்று யோசித்ததே இல்லை. நோட்டீஸைப் படிக்கப் படிக்க எனக்கே உடம்பு சிலிர்த்தது.

அதில் இருந்தது இதுதான். நூறு வருஷத்துக்கும் முன்னால் அமெரிக்காவில் ஆலை வேலைக்குப் போகிறவர்களுக்கு நேரம் காலம் கிடையாது. பொழுது விடிவதற்கு முன்னால் உள்ளே போனால் பொழுது அடைந்துதான் வெளியே வர முடியும். அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று. ஒரு நாளை மூன்றாகப் பங்கு போடு. எட்டு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் தூக்கம், மீதி எட்டு மணி நேரம் எங்கள் இஷ்டத்துக்கு. அதற்காக ஒரு மே மாதம் முதல் தேதி வேலையை நிறுத்தினார்கள். சிகாகோ என்ற ஊரில் மூன்று நாள் கழித்து நடந்த கூட்டத்தில் யாரோ குண்டு வீசினார்கள். போலீஸ் சுட்டது. இரண்டு பக்கமும் ஆட்கள் செத்தார்கள். குண்டு வீசியது யார் என்று கடைசிவரை தெரியவில்லை, ஆனாலும் தலைவர்கள் நாலு பேரைத் தூக்கில் போட்டார்கள். அவர்களை மறக்கக் கூடாது என்றுதான் பிற்பாடு உலகம் முழுக்க இந்த நாளை எடுத்துக்கொண்டது. நம் நாட்டில் முதன்முதலில் கொண்டாடியது சென்னைக் கடற்கரையில்.

பொழுது விடிவதற்கு முன்னால் போய்ப் பொழுது அடைந்து வருகிறவர்கள் என்று வாசித்தபோது, எதிரே மணலில் உட்கார்ந்திருந்த என் பதினான்கு பேரையும் நிமிர்ந்து பார்த்தேன். அதோடு நோட்டீஸை மடித்து வைத்துவிட்டு என் சொந்தப் பேச்சைப் பேச ஆரம்பித்தேன். தப்பு அங்கேதான்.

"எட்டு மணி வேலை! எட்டு மணி வேலை! அதத்தான் அவுக கேட்டாக. அதுக்குத்தான் உசுரக் குடுத்தாக. இன்னிக்கு அது சட்டம். எட்டு மணி வேலைங்கறத இனி எந்தக் கொம்பனாலயும் மாத்த முடியாது!"

பெண்கள் பக்கமிருந்து அப்படி ஒரு கைதட்டல். கொடி ஏற்றியபோதுகூட அவ்வளவு இல்லை. எனக்குக் கிறுகிறுத்துவிட்டது. இத்தனை நாளும் இந்தத் திறமையை ஸ்டியரிங்குக்குப் பின்னால் வைத்து வீணாக்கிவிட்டோமே என்று நினைத்தேன். கேசரி வாங்க வந்தபோது ஈஸ்வரி கேட்டாள்.

"அண்ணே, நெசமாவே எட்டு மணிதானா? நாளையிலருந்தேவா?"

"என்னாத்தா சந்தேகம்? சட்டமாச்சே" என்றேன்.

'நேரம்' என்ற ஒரு சொல் விட்டுப்போயிருந்தது. எட்டு மணி நேரம் என்றால் ஒரு கணக்கு. எட்டு மணி என்றால் கடிகாரத்தில் எட்டு. நான் முதலாவதைச் சொன்னதாக நினைத்தேன், அவர்கள் இரண்டாவதைக் கேட்டார்கள். ஜீப் எப்போது வருகிறதோ அப்போதுதான் அவர்களுக்கு வேலை ஆரம்பம். ஜீப் ஓட்டுகிறவனே மைக்கில் எட்டு மணி என்றால் நம்பாமல் என்ன செய்வார்கள்?

3. ராத்திரிச் சடை

வாசலில் நின்று இதையெல்லாம் புரிந்துகொள்ள எனக்கு ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் தலையில் கை வைத்துக்கொண்டேன்.

"ஆத்தா, நான் சொன்னது அந்த எட்டு இல்ல. ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம்தான் வேலைன்னு..."

அவள் முகம் சுண்டியதை நான் பார்த்தேன். ஆனால் அது ஒரு நொடிதான். உடனே சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"நான் ஒரு கூறுகெட்டவ. இருங்கண்ணே, எல்லாரையும் எழுப்புறேன். அஞ்சரைக்குள்ள கெளம்பிரலாம்."

விளக்கைப் போட உள்ளே திரும்பினாள். பாயில் அவள் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். நந்தினி. அப்போது நாலாம் வகுப்பு. முடி தலையணை முழுக்க விரிந்து கிடந்தது. பக்கத்தில் ஸ்டூலின் மேல் சீப்பு, தேங்காய் எண்ணெய்ப் பாட்டில், துவைத்து நீவி மடித்த இரண்டு சிவப்பு ரிப்பன்.

எங்கள் பக்கத்து ஏலத்தோட்டப் பெண்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பெண் பிள்ளைகளுக்குச் சடையை ராத்திரியே பின்னிவிடுவார்கள். நாலே முக்காலுக்கு ஜீப் ஏறுகிறவள் மூன்றரைக்கு எழுந்தால்தான் சோறு பொங்கிக் கட்ட முடியும். அந்த நேரத்தில் பிள்ளையை எழுப்பி உட்கார வைத்துப் பின்ன முடியாது. அதனால் படுக்கப் போகும் முன் நறுக்கென்று இறுக்கிப் பின்னி, மடித்து, ரிப்பன் வைத்துக் கட்டிவிட வேண்டியது. பிள்ளை அப்படியே தூங்கி, காலையில் தானே எழுந்து முகம் கழுவிப் பள்ளிக்கூடம் போகும். விடியும்போது ஒரு பக்கச் சடை அமுங்கியிருக்கும், மறுபக்கம் சிலும்பிக்கொண்டு நிற்கும். பார்த்த மாத்திரத்தில் இது தோட்டத்துக்குப் போகிறவள் பிள்ளை என்று சொல்லிவிடலாம். வகுப்பில் மற்ற பிள்ளைகள் நந்தினியை 'ராச்சடை' என்று கூப்பிடுவார்களாம். இதை ஈஸ்வரி ஒரு நாள் ஜீப்பில் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பதிமூன்று பேரில் ஒருத்தரும் சிரிக்கவில்லை.

வீட்டில் வேறு ஆள் கிடையாது. வீட்டுக்காரர் எர்ணாகுளத்தில் கட்டட வேலை, மாதத்துக்கு ஒரு தடவை வருவார். ஞாயிற்றுக்கிழமை ஈஸ்வரி வீட்டில்தான் இருப்பாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடம் கிடையாதே.

"நேத்து ராத்திரி பின்னலண்ணே" என்றாள். என்னிடம் சொன்னாளோ, தனக்குத்தானே சொல்லிக்கொண்டாளோ. "நாளைக்குக் காலையில அம்மா பின்னி, பூ வச்சு, ஸ்கூலுக்கு அனுப்புறேன்டின்னு சொன்னேன். தூங்கவே மாட்டேன்னுட்டா. ஒரு மணிக்கொரு தரம் எந்திரிச்சு, விடிஞ்சிருச்சாம்மான்னு கேட்டா."

சீப்பைக் கையில் எடுத்தாள். பிள்ளையை எழுப்பக் குனிந்தாள். பிறகு எழுப்பாமல் சீப்பைத் திரும்ப ஸ்டூலில் வைத்தாள்.

"வாங்கண்ணே, போவோம்."

தோட்டத்து சூப்பர்வைசர் பேபியைப் பற்றி எனக்குத் தெரியும். அரை மணி லேட்டானால் அன்று முழுக்க வாய் ஓயாது. மூன்று மணி நேரம் லேட்டானால் ட்ரிப்பையே வேறு ஜீப்புக்கு மாற்றிவிடுவார். கீழே அதற்காகக் காத்துக்கொண்டிருக்கிற வண்டிகள் எத்தனையோ. எனக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. அந்த வயதில் போன ட்ரிப் திரும்ப வராது.

இதெல்லாம் தெரிந்துதான் சொன்னேன். "இருக்கட்டும் ஆத்தா. எட்டு மணிக்கே போவோம்."

"வேணாம்ணே. பேபிச் சேட்டன் ஒங்க வண்டிய நிப்பாட்டிருவாரு."

"நிப்பாட்டட்டும். மைக்குல சொன்னது சொன்னதுதான்."

இதைப் படித்துவிட்டு என்னைப் பெரிய தியாகி என்று நினைத்துவிட வேண்டாம். பாதி அந்தப் பிள்ளைக்காக. மீதிப் பாதி, தப்பாக வாசித்துவிட்டேன் என்று பதினான்கு வீட்டு வாசலிலும் போய் நின்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

4. எட்டு மணி ட்ரிப்

பேபிக்குத் தகவல் சொல்லலாம் என்று போன் போட்டுப் பார்த்தேன். தோட்டத்துக்குள் சிக்னல் கிடையாது. காய் உலர்த்துகிற ஸ்டோர் கட்டடத்தில் மட்டும்தான் எடுக்கும், அதுவும் காற்றடிக்கிற திசையைப் பொறுத்து. விட்டுவிட்டேன்.

ஐந்திலிருந்து எட்டு வரை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்குத் திரும்பினேன். என் மனைவி லட்சுமி வாசல் பெருக்கிக்கொண்டிருந்தவள் பயந்துவிட்டாள்.

"என்னங்க, வண்டி ரிப்பேரா?"

விஷயத்தைச் சொன்னேன். வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தாள். அடங்கியதும் உள்ளே போய் காபி போட்டுக்கொண்டு வந்தாள். படியில் இரண்டு பேரும் உட்கார்ந்து குடித்தோம். கிழக்கே மேகமலைக்கு மேலே வெளுத்து, வெயில் மெதுவாக எங்கள் தெருவுக்கு வந்தது. பால்காரர் போனார். எதிர் வீட்டில் ஒருவர் பல் விளக்கிக்கொண்டே வணக்கம் சொன்னார். எங்களுக்குக் கல்யாணமாகி முப்பத்துமூன்று வருஷம். வேலை நாளில் இரண்டு பேரும் சேர்ந்து காலைக் காபி குடித்தது அன்றைக்குத்தான்.

"ஒங்க மொகத்த வெளிச்சத்துல பாத்து எம்புட்டு நாளாச்சு. இம்புட்டு நரைச்சிருச்சே" என்றாள்.

சிகாகோக்காரர்கள் கேட்ட மூன்றாவது எட்டு மணி நேரத்தில் என்ன செய்வதாக இருந்தார்கள் என்று நோட்டீஸில் போடவில்லை. இஷ்டத்துக்கு என்று மட்டும் இருந்தது. எனக்கு அந்தப் படியில் உட்கார்ந்திருந்தபோது அது விளங்கியது. நாங்கள் முக்கியமாக எதுவும் பேசிக்கொள்ளவில்லை. மின்சார பில், மகள் ஊருக்கு வரும் தேதி, இதுதான் பேச்சு. இன்றைக்கும் நினைத்தால் அந்தக் காலையிலிருந்து எழுந்து வரவே மனசில்லை.

எட்டு மணிக்கு ஸ்டாப்பில் நின்ற கூட்டத்தைப் பார்த்து, இது என் வண்டிக்கு ஏறுகிற ஆட்கள்தானா என்று திகைத்தேன். இத்தனை வருஷமாக நான் அவர்களை மப்ளரும் போர்வையுமாக, முகம் தெரியாத உருவங்களாகத்தான் காலையில் பார்த்திருக்கிறேன். அன்று எல்லோரும் குளித்து, பொட்டு வைத்து, ஈரத்தலையை நுனியில் முடிந்திருந்தார்கள். அவர்களை வழியனுப்ப ஆள் வந்திருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள், யூனிபாரத்தோடு, பையோடு.

நந்தினி முன்னால் நின்றாள். இரட்டைச் சடை. நட்ட நடுவில் கோடு போட்டது போல வகிடு. இரண்டு ரிப்பனும் ஒரே உயரம். தலையை ஆட்டினால் கலைந்துவிடும் என்பதுபோல விறைப்பாக நின்றாள். ஈஸ்வரி ஜீப்பில் ஏறிய பிறகும் இறங்கிப் போய் ஒரு தடவை அந்த ரிப்பனைத் தொட்டுவிட்டு வந்தாள்.

"போதும் ஆத்தா, தேஞ்சிரப் போகுது" என்றேன்.

வண்டி நகர்ந்ததும் பிள்ளைகள் டாட்டா காட்டினார்கள். கண்ணாடியில் பார்த்தேன். எல்லோரும் பின்பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார்கள்.

மெட்டில் பாதி தூரம் ஏறியதும் ஒரு கொண்டை ஊசி வளைவில் நிறுத்தச் சொன்னார்கள். நிறுத்தினேன். இறங்கி நின்று கீழே பார்த்தார்கள். கம்பம், அதைச் சுற்றித் தென்னை, திராட்சைப் பந்தல்கள், வாய்க்கால் போகிற கோடு. எல்லாவற்றின் மேலும் காலை வெயில். ஏறும்போது எப்போதும் இருட்டு. இறங்கும்போது வெளிச்சம் இருந்தாலும் ஒருத்தி தோளில் ஒருத்தி சாய்ந்து தூங்கிப்போவார்கள், படுதாவும் இறக்கியிருக்கும்.

"இதுவாண்ணே நம்ம ஊரு?" என்று ஒருத்தி கேட்டாள். இன்னொருத்தி தன் வீட்டைத் தேடினாள். பள்ளிக்கூடம் எங்கன இருக்கிறது என்று ஈஸ்வரி கேட்டாள். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் என்று கை காட்டினேன். மணி எட்டே முக்கால் இருக்கும். அங்கே மணி அடித்து எல்லோரும் உள்ளே போய்க்கொண்டிருக்கிற நேரம். அவள் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். அவசரப்படுத்த வேண்டியது என் வேலை. நான் அன்று அவசரப்படுத்தவில்லை.

5. மணியும் மணிக்கூரும்

தோட்டத்து கேட்டில் பேபி நின்றிருந்தார். பெயர்தான் பேபி, ஆள் ஆறடி. என் பெயர் பாண்டி. மலையாளத்தில் தமிழ்நாட்டுக்காரர்கள் எல்லோருமே பாண்டிதான். அவர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறாரா, நம் எல்லோரையும் சேர்த்துத் திட்டுகிறாரா என்று எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

"எந்தா பாண்டி இது! மணி பத்து கழிஞ்ஞு! வண்டி மறிஞ்சு போச்சோன்னு ஞான் பேடிச்சுப் போயி!"

வண்டி கவிழ்ந்துவிட்டதோ என்று பயந்துவிட்டாராம். அவர் முகத்தில் வேர்வை நிஜமாகவே வழிந்தது. பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மே தினம், நோட்டீஸ், மைக், கைதட்டல் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முதலில் வாயைப் பிளந்தார், பிறகு இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தார்.

"நம்மட மலையாளத்தில ஈ குழப்பமே வராது பாண்டி. எட்டு மணின்னா காலையில எட்டு மணி. எட்டு மணி நேரம்னா எட்டு மணிக்கூர். மணி வேற, மணிக்கூர் வேற. நிங்களுட கூர் எவிடே போயி?"

பெண்களும் சிரித்துவிட்டார்கள். பேபி சட்டென்று சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

"சரி, தமாசு போதும். இவிட எட்டு மணிக்கூர் மட்டுந்தான் வேலை. ஏழுக்குக் கேறி நாலுக்கு இறங்கணும், நடுவில ஒரு மணிக்கூர் ஊணு. சட்டப்படி எல்லாம் சரியாணு. பின்ன எந்தினா லேட்டு?"

ஈஸ்வரி முன்னால் வந்தாள். அவள் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. அன்றும் கோபம் இல்லை. கணக்குக் கேட்கிற குரல்தான்.

"சேட்டா, நான் மூணரைக்கு எந்திரிக்கிறேன். நாலே முக்காலுக்கு ஜீப்புல ஏறுறேன். ஆறு மணிக்கு வீட்டு வாசல்ல எறங்குறேன். இது எத்தன மணிக்கூர்?"

"ஜீப்பில கேறினதிலருந்து பதிமூணு. ஆனா அது யாத்ரையல்லே மோளே. ஜீப்பில் வர்றது வேலை இல்லல்லோ."

"வேலை இல்ல, சரி. அப்ப அது எங்க நேரமா? எங்க நேரம்னா நான் எம்மகளுக்குச் சடை பின்னியிருப்பேன்ல. வேலை நேரமும் இல்ல, எங்க நேரமும் இல்லன்னா, அது யாரு நேரம் சேட்டா?"

பேபி என்னைப் பார்த்தார். நான் டயரைப் பார்த்தேன். தினமும் நாலு மணி நேரத்துக்கு மேல் நானே அவர்களை இடுக்கி உட்கார வைத்துக் கொண்டுபோய்க் கொண்டுவருகிறவன். அது யாருடைய நேரம் என்று எனக்கும் தெரியவில்லை.

"கேறிக்கோ. பணி தொடங்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு பேபி ஸ்டோரைப் பார்த்து நடந்தார். கோட்டயத்தில் இருக்கிற முதலாளிக்குப் போன் போட்டிருப்பார். மத்தியானம் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். நாளைக்கு ஏழு மணிக்கு ஆள் இறங்காவிட்டால் ட்ரிப் வேறு ஜீப்புக்கு. இன்று குறைந்த நேரத்தை இன்றே ஈடு கட்ட வேண்டும். அவரே இதைச் சொல்லப் பிடிக்காமல்தான் சொன்னார், அது எனக்குத் தெரிந்தது.

ஏலச்செடிக்குக் கவாத்து பார்த்து, காய்ந்த தட்டைகளை அறுத்து ஒதுக்கிவிட்டு அவர்கள் ஜீப் ஏற ஆறு மணிக்கு மேல் ஆகிவிட்டது. ஊர் வந்து சேர்ந்தபோது எட்டு மணி. "போனதும் எட்டு, வந்ததும் எட்டு. ரெண்டு எட்டு வாங்கிக் குடுத்துட்டாருப்பா நம்ம அண்ணன்" என்றாள் ஒருத்தி. வண்டி முழுக்கச் சிரிப்பு. அன்றிலிருந்து என் பெயர் 'எட்டு மணி அண்ணன்'.

மறுநாள் நாலே முக்காலுக்கு ஸ்டாப்பில் பதினான்கு பேரும் நின்றார்கள். மப்ளர், போர்வை, இருட்டு. ஈஸ்வரி ஏறும்போது சொன்னாள்.

"நேத்துச் சடையப் பிரிக்கவே விட மாட்டேன்னுட்டாண்ணே. அதோடயே படுத்திருக்கா. இன்னிக்கும் அதோடதான் ஸ்கூலுக்குப் போவாளாம்."

6. மெட்டு ஏறாத காலை

அதற்கு அடுத்த வருஷம் கண்ணில் புரை விழுந்தது. ஆபரேஷன் செய்தும் இருட்டில் எதிர் வண்டி வெளிச்சம் சிதறித் தெரிந்தது. மெட்டு ரோட்டில் அது விளையாட்டுக் காரியம் இல்லை. வண்டியைக் கொடுத்துவிட்டேன். என் பதினான்கு பேரும் இப்போது வேறொரு ஜீப்பில் போகிறார்கள். புறப்படுகிற நேரம் அதேதான்.

இப்போது எனக்கு எல்லா நாளும் எட்டு மணிதான். ஆனால் காபி போடுகிறவள் கோயம்புத்தூரில் இருக்கிறாள். மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, மகள் வேலைக்குப் போக வேண்டும், பிள்ளையைப் பார்க்க ஆள் வேண்டும். லட்சுமி அங்கே போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. நானும் போய் இருந்து பார்த்தேன், பத்தாவது நாள் திரும்பிவிட்டேன். காலையில் நானே காபி போட்டுக்கொண்டு படியில் உட்காருகிறேன். மேகமலைக்கு மேலே வெளுக்கிறது. பால்காரர் போகிறார். போனில் லட்சுமியைக் கூப்பிடுவேன். "காலையில கையொழியலைங்க, அப்புறம் பேசுறேன்" என்பாள். இருபத்தொன்பது வருஷம் நான் அவளிடம் சொன்னது இதே பேச்சுதான். ஆகவே கோபித்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லை. ஏக்கப்பட உரிமை உண்டு, தினமும் படுகிறேன்.

போன மாதம் கருப்பையா, மே தினத்துக்குப் போடுகிற ஸ்டாண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்றார். "பேசச் சொன்னாத்தான் வம்பு, எழுதுனா திருத்திக்கலாம்" என்றும் சொன்னார். எழுதும் முன் ஈஸ்வரியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன். அப்போதுதான் ஜீப்பிலிருந்து இறங்கி வந்திருந்தாள். முன்பு கண்ணில் படாத நரை இப்போது படுகிறது. நந்தினி உள்ளே படித்துக்கொண்டிருந்தாள். நெடுநெடுவென்று வளர்ந்துவிட்டாள்.

"அதயெல்லாமா எழுதப் போறீக? எழுதுங்க, என்ன இருக்கு" என்றாள் ஈஸ்வரி.

"இப்பவும் ராத்திரிச் சடைதானா ஆத்தா?"

"இல்லண்ணே. அவளே காலையில சீவிப் பின்னிக்கிறா. என்னைத் தொடவே விட மாட்டா, வகிடு கோணலாப் போயிருமாம்." சிரித்தாள். பிறகு தன் தலையைத் தொட்டுக்கொண்டாள். "இப்ப ராத்திரிச் சடை எனக்குத்தான். படுக்கும்போது உக்கார வச்சு அவதான் பின்னி விடுறா. காலையில பத்து நிமிசம் கூடத் தூங்கலாம்ல, நீ தூங்கும்மாங்கிறா."

உள்ளேயிருந்து நந்தினி, "அம்மா, சீப்ப எங்கன வச்ச?" என்று கேட்டாள். எனக்கு அதற்கு மேல் அங்கே உட்கார முடியவில்லை. கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

மலருக்கு எழுதினால் முடிவில் புத்திமதி சொல்ல வேண்டும் என்று கருப்பையா சட்டம் போட்டிருக்கிறார். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். மே தினத்தன்று மைக் பிடித்தால் 'நேரம்' என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். அவர்கள் உயிரைக் கொடுத்துக் கேட்டது அந்தச் சொல்லைத்தான். அடுத்த நாள் காலை நாலே முக்காலுக்கு ஸ்டாப்பில் ஒருத்தி குறைந்தால் உடனே ஹாரன் அடிக்காதீர்கள். அஞ்சு நிமிஷம் பொறுத்துப் பாருங்கள். சந்துக்குள்ளே பிள்ளைகள் தூங்குகிறார்கள்.